கவுன்சிலர் பதவி சட்டமன்றத்துக்கு முதல் படியா? பினாங்கிலிருந்து ஒரு கேள்வியும் தொடர் குறிப்புகளும்

வாசகர் கேள்வி – 2024 நவம்பர் 12

நான் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் வசிக்கிறேன். வயது 31. கட்சிக் கிளையில் ஆறு ஆண்டுகளாகச் செயலாளராக இருக்கிறேன். அடுத்த ஆண்டுக்கான செபராங் பிறை மாநகர் மன்ற உறுப்பினர் (கவுன்சிலர்) நியமனப் பட்டியலுக்கு என் பெயரை அனுப்பியிருப்பதாகத் தொகுதித் தலைவர் சொன்னார். "இதை ஒழுங்காகச் செய்தால் அடுத்த தேர்தலில் சட்டமன்றம்" என்கிறார் அவர். அந்தப் பதவிக்குப் போனவர்களில் பலர் இரண்டே ஆண்டுகளில் பெயர் தெரியாமல் போய்விட்டார்கள் என்கிறார் என் மனைவி. இவர்களில் யார் சொல்வது சரி?

2024 நவம்பர் 12, இரவு

தம்பி, இருவர் சொல்வதற்கும் சான்று உண்டு. பாகான் டாலாம் தொகுதியில் 2018இல் வென்ற சதீஸ் முனியாண்டி, அதற்கு முன் செபராங் பிறை நகராண்மைக் கழக உறுப்பினராக இருந்தவர். ஆகவே உங்கள் தலைவர் காட்டும் வழியில் ஏற்கெனவே ஆள் நடந்திருக்கிறது. 2023இல் அதே தொகுதியில் அவருடைய கட்சி வேறொருவரை நிறுத்தியது என்பதையும் சேர்த்தே கவனியுங்கள். மறுபுறம், பேராசிரியர் பி. இராமசாமி கல்வித் துறையிலிருந்து வந்து 2008இல் பிறை தொகுதியில் வென்று, உடனேயே துணை முதலமைச்சராகி 2023 வரை அப்பொறுப்பில் இருந்தார். வடிகால் புகாரிலிருந்து தொடங்கி மேலே போனவர்களும் உண்டு, மேலிருந்தே வந்து இறங்கியவர்களும் உண்டு.

நான் கவுன்சிலராக இருந்ததில்லை. தீவுக்கு எதிரே உள்ள பெருநிலப் பகுதியில் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் ஒன்பது ஆண்டுகள் எழுத்துப் பணி செய்தேன். அந்த மேசையிலிருந்து பார்த்ததை நாளை எழுதுகிறேன்.

2024 நவம்பர் 13

சேவை மையத்துக்கு வரும் மக்களுக்கு யார் எந்த அதிகாரத்துக்கு உரியவர் என்பது தெரியாது, தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. வீட்டின் முன்னால் குப்பை அள்ளப்படவில்லை, பின்சந்தில் விளக்கு எரியவில்லை, மரக்கிளை மின்கம்பியைத் தொடுகிறது, இடியாப்பம் விற்கும் வண்டியைப் பறிமுதல் செய்துவிட்டார்கள், மகனுக்குக் குடியுரிமைப் பத்திரம் கிடைக்கவில்லை என்று எல்லாம் ஒரே வரிசையில் வந்து உட்காரும். குப்பையும் அங்காடி உரிமமும் மாநகர் மன்றத்தின் வேலை. நிலம் மாநில அரசுக்கு உரியது. குடியுரிமையோ கூட்டரசு அரசாங்கம் இருக்கும் புத்ராஜெயாவுக்குப் போக வேண்டியது. இவற்றை முதல் ஐந்து நிமிடத்துக்குள் பிரித்து, எந்தக் கடிதம் எந்தத் துறைக்கு என்று சொல்லக்கூடியவரே நல்ல கவுன்சிலர் என்று எங்கள் மேசையில் நாங்கள் பேசிக்கொள்வோம்.

2017 நவம்பர் 4ஆம் நாள் இரவு தொடங்கி மறுநாளும் நீடித்த பெருமழையைப் பினாங்கில் இருந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் வட்டாரத்தில் ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி) முழுவதும் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அப்போது எங்களோடு இருந்த கவுன்சிலர், கார்ப் பட்டறை வைத்திருந்தவர், இரவு முழுவதும் லாரி டயர் குழாய்களைக் கட்டி முதியவர்களை வெளியே கொண்டுவந்தார். அது வெளியில் எல்லோரும் கண்ட வேலை. தண்ணீர் வடிந்த பின் ஏழு மாதங்கள் அவர் செய்த வேலையை யாரும் படம் பிடிக்கவில்லை. அந்தத் தாமானின் பின்புறம் ஓடிய வடிகால் மூன்று துண்டுகளாகப் பிரிந்திருந்தது. வீடுகளை ஒட்டிய பகுதி ஒரு துறையின் பொறுப்பில் இருந்தது, சாலைக்கு அடியில் போகும் குழாய் இன்னொன்றின் பொறுப்பில் இருந்தது, ஆற்றில் சேரும் மதகு மூன்றாவது துறைக்கு உரியதாக இருந்தது. ஒவ்வொரு துறையும் தன் துண்டு சுத்தமாக இருக்கிறது என்று எழுத்தில் பதில் தந்தது. மூவரையும் ஒரே காலையில் ஒரே இடத்தில் நிற்கவைத்து, சாலைக் குழாயின் வாய் வடிகாலின் தரையைவிட ஒரு முழம் உயரத்தில் இருப்பதைக் காட்டும் வரை அவர் விடவில்லை. அடுத்த மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் வந்தது. ஆனால் கணுக்காலோடு நின்றது.

அரசியல் பயிற்சி என்றால் நான் அறிந்த பயிற்சி இதுதான். அந்த மனிதரைப் பற்றி இன்னும் ஒன்று எழுத வேண்டியிருக்கிறது. அதைப் பின்னர் எழுதுகிறேன்.

2024 நவம்பர் 14

நேற்று ஒரு வாசகர் தனிப்பட எழுதிய கேள்விக்குப் பதில். சட்டப்படி கவுன்சிலர் பதவிக்காலம் ஓராண்டுதானா என்று கேட்டிருக்கிறார். 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் (உள்ளாட்சி) சட்டத்தின் 10ஆம் பிரிவு, மேயர் நீங்கலாக எட்டுக்குக் குறையாமலும் இருபத்து நான்குக்கு மேற்படாமலும் உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கலாம் என்றும், ஒருவரை ஒருமுறைக்கு மூன்றாண்டுக்கு மிகாமல் நியமிக்கலாம் என்றும், மறுநியமனத்துக்குத் தடையில்லை என்றும் சொல்கிறது. நடைமுறையில் இங்கே ஓராண்டு நியமனமே வழக்கமாகிவிட்டது. மூன்றாண்டு கொடுக்கச் சட்டம் இடம் தரும்போது ஓராண்டு மட்டும் கொடுப்பது யாருக்கு வசதி என்பதைப் பற்றி எழுதாமல் நான் இந்தப் பேச்சை முடிக்கப்போவதில்லை.

2024 நவம்பர் 17

"எங்கள் தாத்தா கவுன்சிலருக்கு ஓட்டுப் போட்டதாகச் சொல்வார், அது உண்மையா?" என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார். உண்மை, அம்மா. என் தந்தை பினாங்குத் தலைநகரான ஜோர்ஜ்டவுனின் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். ஆண்டு முடிவில் வேட்பாளர்கள் தம் வரிசை வீட்டு வாசலுக்கு வந்து நின்றதை அவர் சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

மலாயாவில் முதல் நகராண்மைத் தேர்தல் 1951 டிசம்பர் 1ஆம் நாள் ஜோர்ஜ்டவுனில்தான் நடந்தது. அன்று ஒன்பது இடங்களுக்கு வாக்களிப்பு நடந்தது. அவற்றில் ஆறு இடங்களை ரேடிக்கல் கட்சி வென்றது. பிறகு முழு மன்றமும் வாக்காளர் தேர்வுக்கு வந்தது. 1957 ஜனவரி 1இல் ஜோர்ஜ்டவுன் மாநகரமானபோது அதன் முதல் மேயராக அமர்ந்தவர் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி. எஸ். இராமநாதன், ஒரு தமிழர், ஆசிரியராகப் பணியாற்றியவர். அவருடைய பெயரில் இன்றும் ஜோர்ஜ்டவுனில் ஒரு சாலை இருக்கிறது. அதில் தினமும் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் யார் என்று தெரியும் என்பதை எண்ணும்போது எனக்கு மனம் கனக்கிறது. அந்த மன்றம் வெறும் குப்பையும் விளக்கும் பார்த்த மன்றம் இல்லை. நகரின் மின்சாரம், தண்ணீர், டிராலிபஸ் எல்லாம் அதன் கையில் இருந்தன. அங்கே உறுப்பினராக இருப்பது ஓர் அரசாங்கத்தை நடத்தப் பழகுவதாகவே இருந்தது.

1965இல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணமாகக் காட்டி நாடு முழுவதும் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. 1966இல் ஜோர்ஜ்டவுன் மாநகர் மன்றத்தின் அதிகாரங்களை மாநில அரசு எடுத்துக்கொண்டது. தேர்தலை மீண்டும் நடத்த வேண்டும் என்று பரிந்துரைத்த அரச ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவரும் ஒரு தமிழரே. அவர் செனட்டர் அத்தி நாகப்பன். அந்தப் பரிந்துரை ஏற்கப்படவில்லை. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு ஊராட்சித் தேர்தல் தொடர்பான விதிகள் அனைத்தும் செல்லாது என்று ஒரே வரியில் கதவைச் சாத்தியது. பினாங்கு மாநில அரசு 2012இல் தனியாக ஒரு சட்டம் இயற்றிப் பார்த்தது. 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று தீர்ப்பளித்தது. நாங்கள் சேவை மையத்தில் அந்தச் செய்தியைக் கேட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வயதான ஒருவர் மதிப்பீட்டு வரிக் கடிதத்தோடு வரிசையில் உட்கார்ந்திருந்தார். "அப்படியென்றால் நான் சாகும் முன்பு இன்னொரு தடவை போட முடியாதா?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.

2024 நவம்பர் 17, பின்னிரவு

மேலே எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். 2023இல் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தின் மேயராகப் பொறுப்பேற்ற ஏ. இராஜேந்திரன், மன்ற நிர்வாகத்துக்குள்ளேயே பணியாற்றி உயர்ந்த அதிகாரி. இராமநாதன் வாக்குப் பெற்று மன்றத்துக்குள் வந்து மேயரானவர். இருவரையும் நான் மதிக்கிறேன். ஆனால், தம்பி, உங்கள் கேள்விக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. இன்றைய முறையில் கவுன்சிலராகப் போகிறவருக்கு மன்றத்துக்குள்ளேயே உயரும் வழி கிடையாது. மேயர் நாற்காலி அரசியல் உறுப்பினர்களின் ஏணியில் இல்லை. மேலே போக விரும்புகிறவர் வெளியே போய்த்தான் ஆக வேண்டும், அதாவது சட்டமன்றத்துக்கு. அதனால்தான் நல்ல கவுன்சிலர்கள்கூட மன்றத்தில் உட்கார்ந்துகொண்டே வேறொரு கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

2024 நவம்பர் 19

ஓராண்டு நியமனத்துக்குத் திரும்புகிறேன். ஒவ்வோர் ஆண்டின் இறுதியிலும் எங்கள் மேசையில் ஒரு மாற்றம் தெரியும். செப்டம்பர் வரை பின்சந்துகளில் நடந்துகொண்டிருந்தவர் நவம்பரிலிருந்து கட்சி விருந்துகளில் நிற்பார். தலைவர் வரும் கோவில் விழாவில் முதல் வரிசையில் தெரிவார். வரவேற்புப் பதாகையில் தலைவரின் படம் பெரிதாகவும் தம் படம் அளவோடும் இருக்கிறதா என்று அச்சகத்துக்கு இரண்டு முறை தொலைபேசி போடுவார். இதை அவருடைய குணக்கேடு என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. ஜனவரியில் உறுதிமொழி எடுக்கும் பட்டியலில் தம் பெயர் இருக்குமா இல்லையா என்பதை முடிவு செய்பவர்கள் மேலே இருக்கும்போது, ஒரு மனிதன் எந்தப் பக்கம் பார்ப்பான்? தாமானில் இருக்கும் இரண்டாயிரம் பேரும் சேர்ந்து நினைத்தாலும் அவரை இருத்திவைக்க முடியாது, இறக்கிவிடவும் முடியாது.

இதற்கு நேர்மாறான ஒரு சான்றையும் சொல்லிவிடுகிறேன். 2008க்குப் பிறகு மன்றங்களில் அரசு சாரா அமைப்புகளின் பிரதிநிதிகளுக்கும் இடம் தரப்பட்டது. பினாங்குத் தீவில் அவ்வாறு வந்த டாக்டர் லிம் மா ஹுய், மலைச்சரிவு மேம்பாடு, போக்குவரத்துத் திட்டம் ஆகியவற்றில் மாநில அரசோடு வெளிப்படையாகவே மாறுபட்டுப் பேசினார். சட்டமன்றத்தை எதிர்பார்க்காத ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் எப்படிப் பேச முடியும் என்பதை அவரிடம் கண்டோம். கட்சிக்காரர் அவ்வாறு பேசியிருந்தால் அடுத்த ஜனவரியில் என்ன ஆகியிருக்கும் என்பதை நீங்களே அறிவீர்கள்.

2024 நவம்பர் 20

பணம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கவுன்சிலருக்கு மாதப்படி உண்டு. நான் அறிந்தவர்களில் யாரும் அதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்தவில்லை. திருமண வீட்டு மொய், துக்க வீட்டுக்கு மலர்வளையம், பள்ளி விளையாட்டுப் போட்டிக்குக் கோப்பை என்று பாதிக்கு மேல் திரும்பிப் போய்விடும். சட்டமன்ற வேட்பாளருக்கு டெபாசிட் 5,000 ரிங்கிட். தேர்தல் செலவுக்குச் சட்டம் வைத்திருக்கும் உச்சவரம்பு 100,000 ரிங்கிட். உங்கள் தொழிலை விட்டுவிடாதீர்கள்.

2024 நவம்பர் 24

தமிழரான கவுன்சிலருக்கு மட்டும் உரிய ஒரு சிக்கலை இத்தனை நாள் தொடாமல் இருந்தேன். தொட்டால் சிலருக்கு வருத்தம் வரும் என்பதால்தான். ஆனால் கேள்வி கேட்டவர் தமிழர், அதனால் சொல்லியே ஆக வேண்டும்.

ஒரு தமிழர் மன்றத்துக்குள் நுழைந்தவுடன், அவருக்கு ஒதுக்கப்பட்ட வட்டாரம் எதுவாக இருந்தாலும், தமிழர் தொடர்பான கோப்புகள் எல்லாம் அவர் மேசைக்கு வந்துவிடும். தைப்பூசப் பந்தலுக்கு அனுமதி, கோவில் இருக்கும் நிலத்தின் தகராறு, தமிழ்ப்பள்ளி வாசலில் போக்குவரத்து நெரிசல், இடுகாட்டுக்குப் போகும் சாலை. பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. மன்ற எல்லைக்கு உட்பட்ட பள்ளி ஒவ்வொன்றின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும் அவர் தொலைபேசி எண் தெரிந்திருக்கும். இந்த வேலைகளைச் செய்ய ஆள் வேண்டும். அதைச் செய்கிறவரை நான் குறைத்துச் சொல்லவில்லை. பந்தல் அனுமதிக்காக ஒரு கிழமை அலைந்த அறங்காவலரின் முகத்தில், கடிதம் கைக்கு வந்தபோது தெரிந்த நிம்மதியை நான் கண்டிருக்கிறேன்.

இருந்தாலும் நாளடைவில் என்ன ஆகிறது என்றால், வரவுசெலவுக் குழுவிலோ கட்டட வரைபட அனுமதிக் குழுவிலோ இடம் ஒதுக்கும்போது, "அவருக்கு இந்தியர் விவகாரமே போதுமான வேலை" என்று ஒரு வார்த்தை விழும். அந்த வார்த்தையை ஏற்றுக்கொண்டவர், பின்னாளில் சட்டமன்றத்துக்குப் பெயர் பேசப்படும்போது, பிறை, பாகான் டாலாம் போன்ற ஓரிரு தொகுதிகளுக்கு மட்டுமே பொருத்தமானவராகக் கருதப்படுகிறார். மாநிலத்தில் இருப்பதோ 40 தொகுதிகள். அந்த ஓரிரு தொகுதிகளுக்கு எத்தனை தமிழர்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்று உங்கள் கிளையிலேயே எண்ணிப் பாருங்கள். நீங்கள் போனால் முதல் ஆண்டிலேயே வரவுசெலவைக் கையாளும் குழுவில் இடம் கேளுங்கள். மலாய்க் கோப்பை எழுத்து விடாமல் படியுங்கள். பாசாரில் (சந்தையில்) சீனர்களின் ஹொக்கியன் மொழியில் பேரம் பேசும் அளவுக்கு உங்களுக்குப் பேச வரும் என்றால், அதைப் புகார் கேட்கவும் பயன்படுத்துங்கள்.

நான் இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் மையத்துக்கு வந்த ஓர் இளம் கவுன்சிலரிடம், "உங்கள் மக்களை முதலில் பாருங்கள், மற்றவர்களுக்கு வேறு ஆள் இருக்கிறார்கள்" என்று அறிவுரை சொன்னவர்களில் நானும் ஒருவன். அவர் அப்படியே செய்தார். மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவருடைய பெயர் ஒரு கலப்புத் தொகுதிக்குப் பேசப்பட்டபோது, சீனர்கள் அவரை அறியமாட்டார்கள் என்று சொல்லித் தள்ளிவிட்டார்கள். அந்த அறிவுரையை நான் இப்போது திரும்பப் பெறுகிறேன்.

2024 நவம்பர் 26

"அப்படியானால் தமிழர் வேலையை யார் பார்ப்பது?" என்று இரண்டு பேர் கோபமாக எழுதியிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. அவரே பார்க்கட்டும், அதோடு மற்றதையும் பார்க்கட்டும் என்பதுதான் நான் சொல்வது. வரவுசெலவுக் குழுவில் ஒரு தமிழர் உட்கார்ந்தால் இடுகாட்டுச் சாலைக்கு யாரிடமும் போய்க் கெஞ்ச வேண்டிய தேவை குறையும் என்பது என் எண்ணம்.

2024 டிசம்பர் 1

நவம்பர் 13இல் பாதியில் விட்ட செய்தி. வெள்ளத்தின்போது உதவிய அந்தப் பட்டறைக்காரர், அதன்பின் ஓராண்டு மட்டுமே மன்றத்தில் இருந்தார். அதற்கடுத்த பட்டியலில் அவர் பெயர் இல்லை. காரணம் எதுவும் சொல்லப்படவில்லை. நியமனக் கடிதம் வரவில்லை, அவ்வளவே. அவருக்குப் பதிலாக வந்தவர் மேடைப் பேச்சில் வல்லவர். பிற்பாடு ஒரு தொகுதியில் வேட்பாளராகவும் ஆனார். பிரசாரத்தின்போது அதே தாமானுக்கு அவரோடு நானும் போனேன். ஓர் அம்மையார் வடிகாலைக் காட்டி, "இந்த மதகை யார் திறப்பது?" என்று கேட்டார். வேட்பாளர் என்னைப் பார்த்தார். நான் பதில் சொன்னேன். அவர் தோற்றார். தோல்விக்கு இந்த மதகு காரணம் இல்லை, அது பெரிய அலையில் நடந்தது. ஆனால் அந்த அம்மையாரின் பார்வை எனக்குள் அப்படியே இருக்கிறது.

ஆகவே முதல் நாள் நான் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். "ஏற்கெனவே ஆள் நடந்திருக்கிறது" என்று எழுதினேன். நடந்தவர்கள் உண்டு. ஆனால் மன்றத்தில் நல்ல வேலை செய்ததற்காக மட்டுமே சட்டமன்றத்துக்கு அனுப்பப்பட்ட ஒருவரையும் எங்கள் வட்டாரத்தில் நான் பார்த்ததில்லை. மன்ற வேலை ஒரு கணக்கில் சேர்கிறது, கட்சி வேலை இன்னொரு கணக்கில் சேர்கிறது, வேட்பாளர் தேர்வின்போது இரண்டாவது கணக்கைத்தான் புரட்டுகிறார்கள். இரண்டையும் இணைக்கக்கூடிய ஒரே பொருளை, தாமான்காரர்களின் வாக்கை, 1965லேயே எடுத்துவிட்டார்கள். என் தந்தையின் காலத்தில் அந்தப் பட்டறைக்காரர் நின்றிருந்தால், கட்சி மறுத்திருந்தாலும் சுயேச்சையாக நின்று வென்றிருப்பார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பின்னர் அவர் கசந்து போனாரா என்று கேட்பீர்கள். போன மாதம் என் காரின் பிரேக்கைப் பார்க்க அவரிடம் போயிருந்தேன். காருக்கு அடியில் படுத்திருந்தவருக்குத் தொலைபேசி வந்தது. யாரோ வீட்டு முன் மரம் சாய்ந்துவிட்டதாம். எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும், எந்தப் பிரிவைக் கேட்க வேண்டும் என்று படுத்தபடியே சொல்லி முடித்துவிட்டு, ஸ்பேனரைக் கேட்டார்.

2024 டிசம்பர் 3

மேலே எழுதியதைப் படித்த ஒரு நண்பர், மாநில அளவில் ஊராட்சி அனுபவத்துக்கு மதிப்பே இல்லை என்பதுபோல் எழுதிவிட்டீர்கள் என்று சுட்டிக்காட்டினார். அவர் சொல்வதில் பொருள் உண்டு. இன்றைய முதலமைச்சர் சௌ கோன் இயோவ், 2008 முதல் 2018 வரை மாநில ஆட்சிக்குழுவில் ஊராட்சித் துறையைப் பார்த்தவர். குப்பை, போக்குவரத்து, வெள்ளம் என்று பத்தாண்டுகள் அந்தக் கோப்புகளோடு இருந்துவிட்டுத்தான் அந்த நாற்காலிக்கு வந்தார். ஆனால் அவர் சட்டமன்றத்திலிருந்து ஊராட்சியைப் பார்த்தவர். மன்றத்திலிருந்து சட்டமன்றத்தை நோக்கிப் போகிறவரின் நிலை வேறு. அந்த வேறுபாட்டை நான் தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

2024 டிசம்பர் 8

கேள்வி கேட்ட தம்பி நேற்று எழுதியிருக்கிறார். மனைவியோடு இந்தக் குறிப்புகளை எல்லாம் படித்தாராம். பெயர் பட்டியலில் வந்தால் ஏற்றுக்கொள்வது, பட்டர்வொர்த்தில் இருக்கும் கணக்கர் வேலையை விடாமல் இருப்பது, சட்டமன்றம் பற்றி மூன்று ஆண்டுகளுக்கு வீட்டில் பேசாமல் இருப்பது என்று இருவரும் முடிவு செய்திருக்கிறார்களாம். மூன்றாவது நிபந்தனை மனைவி வைத்தது. நல்ல நிபந்தனை.

உறுதிமொழி எடுப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள், தம்பி. ஊராட்சிச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, மன்றம் வேறுவிதமாகத் தீர்மானித்தால் ஒழிய, முழுமன்றக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளருக்கும் திறந்தே இருக்க வேண்டும். இம்மாதக் கூட்டத்துக்குப் பண்டார் பெர்டாவில் உள்ள தலைமையகத்துக்குப் போய், பொதுமக்கள் இருக்கையில் அமர்ந்து, தொடக்கம் முதல் இறுதி வரை கேளுங்கள். யார் பேசுகிறார்கள், யார் பேசவே இல்லை, எந்தத் தீர்மானம் கேள்வியே இல்லாமல் நிறைவேறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள். திரும்பும் வழியில் அந்தப் பட்டறை இருக்கிறது. நீங்கள் வருவீர்கள் என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். மூன்று துறைகளுக்கும் அவர் எழுதிய கடிதங்களின் நகல்கள் இன்னும் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. கொடுப்பதாகச் சொன்னார்.